மோசமான நாளைச் சொல்லுங்கள்

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை வந்ததே அதனால்தான். அப்படிப்பட்டவள் போன வருடம், உதவி கேட்டு அனுப்பும் பன்னிரண்டு பக்கப் படிவத்தில் ஒரு பக்கம் விடாமல் பொய் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தாள். அன்றைக்கே அது என் கண்ணில் பட்டிருந்தால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன்.

அவள் என்னைவிட இரண்டு மாதம் சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. அவள் மகனை வீட்டில் துரை என்போம். அது அவன் பெயரில்லை. வீடே அவன் கண்ணசைவில் நடப்பதால் வைத்த பட்டம். பதினோரு வயது. ஆட்டிசம். ஏழெட்டு வார்த்தை பேசுவான், அதில் ஒன்று 'த்தை'. அது நான். யாராவது தும்மினால் விழுந்து விழுந்து சிரிப்பான். பாசம் வந்தால் என் முழங்கையில் நெற்றியை வைத்து அழுத்துவான். வலிக்கும், ஆனால் நான் அசைய மாட்டேன். சட்டையின் உள்தையல் தோலில் உரசினால் அவனால் தாங்க முடியாது. நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் இருக்கிறேன், அதனால் அவன் சட்டைகளைப் பிரித்துத் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி திருப்பித் தைப்பது என் பொறுப்பு. அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். நான் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். புருஷன் வீட்டை விட்டு வந்து ஆறு வருடமாகிறது. அது வேறு கதை, நல்லபடியாக முடிந்த கதை.

அண்ணிக்குப் பித்தப்பையில் கல். டாக்டர் இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார், இரண்டு முறையும் இவள் போகவில்லை. மூன்றாவது முறை அவர் ஸ்கேன் படத்தை மேசைமேல் போட்டு, இது உள்ளே வெடித்தால் நீங்கள் பையனைப் பார்த்துக்கொள்வது இருக்கட்டும், உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அதன்பின் பத்து நாள் கனமாக எதையும் தூக்கக் கூடாது. துரையின் எடை நாற்பத்தொரு கிலோ. தெருவில் அவன் ஓட ஆரம்பித்தால் கட்டிப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

அத்தை ஒருத்தி மாடியில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாளே, அவளிடம் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட்டுப் பார்த்தோம். முதல் முறை இரண்டு மணி நேரம், இரண்டாம் முறை இருபது நிமிடம். என் முன்கையில் பல் தடம் இன்னும் இருக்கிறது. அத்தையின் முழங்கை மட்டும் போதும், மிச்ச அத்தை வேண்டாம் என்று துரை முடிவு செய்துவிட்டான்.

இப்படிப்பட்ட வீடுகளுக்காகவே ஒரு மையம் நடத்துகிறார்கள். பழகிய ஆட்கள் பிள்ளையைச் சில நாள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். இடம் குறைவு என்பதால் யாருக்கு எத்தனை நாள் என்று விசாரித்துத்தான் தருவார்கள். போன வருடம் அண்ணியின் படிவத்தைப் படித்துவிட்டு, இந்தக் குடும்பத்துக்கு உதவி தேவைப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் போட்டார்கள். வேறு என்ன போடுவார்கள்? தானே உடை உடுத்துவானா, ஆம். தானே சாப்பிடுவானா, ஆம். ஆபத்தை உணர்வானா, அதற்கும் ஆம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் எந்தக் காக்கையும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை.

நான் சண்டைக்குப் போனபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"பெத்த பிள்ளையைப் பத்தி ஊரான்கிட்ட குறை எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

இந்த வருடம் டாக்டரே மையத்துக்கு எழுதினார். ஓர் அதிகாரி வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அந்த ஒரு வருகைதான். அதைக் கோட்டை விட்டால் மறுபடி கேட்க ஒரு வருடம் ஆகும். கல் அதுவரை பொறுக்காது.

அவர் வருகிற அன்று நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். மேசை முனைகளில் கட்டியிருந்த ஸ்பான்ஜைக் காணோம். சமையலறைத் தடுப்பைக் காணோம். பல் துலக்குவது, குளிப்பது, சட்டை, தட்டு என்று அடுத்து என்ன என்பதைத் துரைக்குக் காட்டும் பட அட்டைகள் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. வாசல் கதவின் மேல்பக்கம் இருந்த மூன்று தாழ்ப்பாள்களையும் திருப்புளி வைத்துக் கழற்றியிருந்தாள். துரையை விடிவதற்கு முன்பே எழுப்பி மைதானத்தில் நடக்கவிட்டுக் கூட்டி வந்திருக்கிறாள். அவன் களைத்துப்போய், மூலையில் ஒரு பழைய கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் என்ன என்று கேட்டேன். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் வீட்டை ஒழுங்கு பண்ண மாட்டாயா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் தலையணை தடிமனுக்கு ஒரு ஃபைல். அதனால் நான் அவருக்கு ஃபைல் அம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். உட்கார்ந்ததும் தும்மினார். துரை கைதட்டிச் சிரித்தான், அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பார்க்க விளம்பரப் படத்தில் வரும் குடும்பம் மாதிரி இருந்தோம்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தாள். சட்டையை அவனே போட்டுக்கொள்வான். நன்றாகத் தூங்குவான். சொன்னால் கேட்பான். வெளியே ஓடுவதெல்லாம் கிடையாது. ஃபைல் அம்மா தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டு போனார். ஏழாவது பக்கம் திரும்பியது. என் கண் முன்னாலேயே அண்ணியின் ஆபரேஷன் பக்கம் பக்கமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் என்றால் வத்தி வைப்பவள் என்று உலகமே சொல்கிறது. சரி, கெட்ட பெயரை எதற்கு வீணாக்க வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

"மேடம், அந்தக் கதவுக்கு மேல பாருங்க. பன்னெண்டு ஓட்டை இருக்கும். நேத்து சாயங்காலம் வரைக்கும் அங்க மூணு தாழ்ப்பாள் இருந்துச்சு."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றி எரிந்திருக்கும். ஃபைல் அம்மா எழுந்து போய் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, அதுவரை எழுதிய ஏழு பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டார்.

"நான் போற வீட்லல்லாம் இதேதாம்மா. நான் வர்றேன்னு துடைச்சு வெச்சிடறாங்க. இந்தத் தாள் உங்க பையனால முடியுமான்னுதான் கேக்குது. யாரு பக்கத்துல நின்னா முடியும்னு கேக்காது. நல்ல நாள் எனக்கு வேண்டாம். மோசமான நாளைச் சொல்லுங்க."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் நானே ஆரம்பித்தேன். காலையில் சட்டை போட அரை மணி நேரம் ஆகும் என்றேன்.

"அரை மணியா? நீ என்னத்தைக் கண்டே. ஐம்பது நிமிஷம்," என்றாள் அண்ணி.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. குறை சொன்னால் பொறுப்பாள், கணக்குத் தப்பினால் பொறுக்க மாட்டாள். நான் வேண்டுமென்றே குறைத்துக் குறைத்துச் சொன்னேன். ராத்திரியில் ஒரு தடவை விழிப்பான் என்றேன். நாலு தடவை என்று திருத்தினாள். சாப்பாட்டில் கொஞ்சம் பிடிவாதம் என்றேன். இரண்டே இரண்டு சாமான்தான் சாப்பிடுவான், அதுவும் நீலத் தட்டில்தான், தட்டு ஈரமாக இருந்தால் அன்றைக்குப் பட்டினிதான் என்றாள். அண்ணி கட்டிலில்தான் படுப்பார்கள் என்றேன். கட்டிலா, வாசல் கதவுக்குக் குறுக்கே தரையில் படுத்து இரண்டு வருடமாகிறது என்றாள். ஃபைல் அம்மாவுக்கு என் திருட்டுத்தனம் புரிந்துவிட்டது. என் பக்கமே திரும்பாமல் எழுதினார்.

அந்த உற்சாகத்தில், மாதத்தில் ஒரு தடவை தெருவுக்கு ஓடிவிடுவான், மற்றபடி பயமில்லை என்றேன்.

அண்ணி மூலையில் இருந்த துரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் பிரேக் போட்டுச்சு," என்றாள். "ஒரு கை தூரம்தான். எனக்கு வயித்து வலியில குனிய முடியலை, அவன் கையை விட்டுட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. அவங்க அப்பாகிட்டகூட."

செவ்வாய்க்கிழமை நான் கடையில் யாருடைய பேண்ட்டுக்கோ கால் மடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குள் துரைக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து சுவரிடம் போனான். அட்டை இல்லை. வெறும் சுவரைக் கையால் தேய்த்துப் பார்த்தான். பிறகு தலையை அதில் மோத ஆரம்பித்தான். அண்ணி எப்போது எழுந்தாள், எப்போது அவனுக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை. அவனைப் பின்னாலிருந்து அணைத்து உட்கார வைத்து, அவன் அலற அலற முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அட்டைகளை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஃபைல் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எது முதலில் எது பிறகு என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சுவரில் ஒட்டினார். துரை அடங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதை அவர் கடிகாரம் பார்த்துக் குறித்ததை நானும் பார்த்தேன். அவர் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி வைத்து, விட்டுப்போன எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

அவர் போனதும் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பெற்றவளே பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று ஒரு முறை அழுதாள், அவ்வளவுதான். அதன்பின் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் துரையிடம் சொன்னாள். துரை, அத்தையிடம் சாவியைக் கொடுக்கச் சொல். துரை, அத்தை மோட்டார் போட்டுவிட்டு அணைக்க மறந்துவிட்டாள். துரை பாவம், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மையத்தில் இதைப் படித்துவிட்டு, இத்தனை சிரமமான பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதிவிட்டால்? அண்ணியும் போய், ஆபரேஷனும் போய், நான் எந்த முகத்தோடு மாடிப்படி ஏறி இறங்குவது?

பதினெட்டாம் நாள், துரையைப் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போனபின், நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணி மாடிக்கு வந்தாள். அவள் என் அறைக்கு வந்து வருடக்கணக்காகிறது. கையில் மையத்தின் கடிதம். நீட்டினாள்.

துரைக்கு மையத்தில் பன்னிரண்டு நாள் தங்கல். அதுபோக, வாரம் ஒரு நாள் நான்கு மணி நேரம் ஓர் ஆள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வார். நான் அந்த இரண்டு வரியையும் மூன்று முறை படித்தேன். அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன்.

கூடவே நான்கு பக்க அறிக்கை இருந்தது. அண்ணி அதில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"குளிக்க வைக்கும்போது தாய் பாடுகிறார், பாட்டு நின்றால் பிள்ளை எழுந்து வந்துவிடுகிறான்னு எழுதியிருக்கு. இதை நான் சொல்லலையே."

"நான்தான் சொன்னேன்."

"மாடி வரைக்குமா கேக்குது?"

"ஆறு வருஷமா தினமும் கேக்குது அண்ணி."

அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பண்றது எதுவும் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு, பாட்டாவது கேட்கிற மாதிரி இருக்குமா என்று விசாரித்தாள். சுத்தமாக இருக்காது என்றேன். பதினெட்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் செய்தேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார்கள். தேதியைச் சொல்லத் திரும்பினால், அவள் தலையணையில்கூடச் சாயாமல், உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் சரிந்து தூங்கிப் போயிருந்தாள். கால் இரண்டும் தரையில்தான் இருந்தன. மெதுவாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன், அசையவில்லை. மணி பத்தரை. வேன் திரும்பி வரப் பன்னிரண்டரை ஆகும்.

படியில் போய் நின்று, குரலைத் தாழ்த்திக் கடைக்குப் போன் செய்து, மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்றேன். நிறையத் துணி சேர்ந்திருக்கிறது, அப்படி என்ன அவசரம் என்று முதலாளி கத்தினார்.

வீட்டில் ஒருத்தர் தூங்குகிறார் என்றேன்.