முதலில் கிளம்பிய பெட்டி

அந்தத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி ரயில் ஏறப் போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். வீட்டிலிருந்து முதலில் கிளம்பியது யார், நீங்களா, உங்கள் பெட்டியா? முதலில் கிளம்பியவர் பயணி. அவருக்கு ஜன்னலோர இருக்கை உண்டு. பிறகு கிளம்பியது லக்கேஜ். அது ரயிலின் கடைசியில் இருக்கும் லக்கேஜ் வேனில் போகும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் வருவதில்லை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டுகிறார்கள், கால் முந்திவிடுகிறது. சிக்கலெல்லாம் நம்மவர்களுக்குத்தான். நமக்கு நாள் பார்க்க வேண்டும், சூலம் பார்க்க வேண்டும். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால் முந்தின நாளே நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் எதிர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருப்பார். பயணம் எதிர் வீட்டில் தொடங்கியிருக்கும்.

மங்கையர்க்கரசி டீச்சருடைய பெட்டியும் அப்படித்தான் கிளம்பியது. அவள் ஈரோட்டில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வுப் பரிசாக மகன் இளம்பரிதி அவளைக் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்பினான். திங்கட்கிழமை கிழக்கே சூலம். ஆகவே மருமகள் தாரணி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கே பெட்டியை எதிரே பல் டாக்டர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். டீச்சருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. நல்ல எண்ணத்தில் செய்கிறவர்களிடம் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான், ஆனால் அதை வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் கப்பல் திரும்பி வந்தது. ரயில் நிலையத்தின் கவுன்ட்டரில் கலியமூர்த்தி என்ற பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். அவர் பதிவேட்டைப் புரட்டி, பல் டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரசீதைக் கண்டுபிடித்தார்.

"பெட்டி ஞாயித்துக்கிழமை கிளம்பியிருக்கு. நீங்க திங்கக்கிழமை. சரிதானேம்மா?"

"சரிதான்," என்றாள் டீச்சர்.

அதுதான் அவர் அவளை அம்மா என்று கூப்பிட்ட கடைசித் தடவை. அவர் எழுந்து பெட்டியைப் பார்த்து, "வாங்கம்மா, இப்படி உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போர்ட்டரைக் கூப்பிட்டு டீச்சரைக் காட்டினார். "இதைத் தூக்கி எடை போடு."

எடை அறுபத்தொரு கிலோ இருந்தது. போர்ட்டர் அவள் மணிக்கட்டில் ஒரு அட்டையைக் கட்டினான். பெட்டியின் மேல் தாரணி ஒட்டியிருந்த விலாசத்தைக் கலியமூர்த்தி அட்டையில் எழுதிக்கொண்டார். இளம்பரிதி, ஈரோடு. பெட்டி எங்கே போகிறதோ அங்கேதான் அதன் லக்கேஜும் போகும்.

டீச்சர் ஈரோட்டுக்குப் போவதாக இல்லை. கப்பலில் மூன்றாம் நாள் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்திருந்தது. ஜெசிந்தா முன்பு அவளோடு வேலை பார்த்தவள், இப்போது வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. "எட்டாம் வகுப்புக்கு ஆறு மாசமாக் கணக்கு டீச்சர் இல்ல அரசி. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டீன்னா வேலை உனக்கு. இல்லேன்னா பீரியடை பி.டி. சாருக்குக் கொடுத்துருவாங்க. அவர் பிள்ளைங்களை வாலிபால் ஆட விட்டுருவாரு."

டீச்சர் அந்த நிமிடமே சரி என்று சொல்லிவிட்டாள். ஈரோட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு இனி முழு ரெஸ்ட் என்று மேலே எழுதி, கீழே ரெஸ்ட்டுக்கான நேர அட்டவணையைப் போட்டிருந்தான் மகன். ஐந்தரைக்குப் பால் காய்ச்சுவதில் தொடங்கி, இரவு துணி மடிப்பதில் முடியும் அந்த ரெஸ்ட். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று உண்மையாகவே கவலைப்பட்டவன்தான். டீச்சருக்கு அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

"நான் பொள்ளாச்சி வண்டிக்குப் போகணும். அங்கிருந்து வால்பாறை. ரெண்டாவது பிளாட்பாரம்தானே?" என்றாள்.

கலியமூர்த்தி பெட்டியிடம் குனிந்து கேட்டார். "உங்க லக்கேஜ் பொள்ளாச்சி போகணுங்குது. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. பயணியின் பயணத்தில் மாற்றம் இல்லை என்று அவர் எழுதிக்கொண்டார். பிறகு டீச்சரின் தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். "லக்கேஜுக்குத் தனியா லக்கேஜ் கிடையாது." போன், கண்ணாடிக் கூடு, பிரஷர் மாத்திரை எல்லாம் அதோடு போயின. கண்ணாடி நல்லவேளையாக மூக்கின் மேல் இருந்தது.

போர்ட்டர் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தான். "சார், இது உடையுற சாமானா?"

"வயசைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது. ஒட்டு."

"ஒட்டாதே," என்றாள் டீச்சர். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அது. போர்ட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "உடையாதுன்னு ஸ்டிக்கர் இருக்கா?"

"அப்படி ஒண்ணு அச்சடிக்கலைங்க."

கவுன்ட்டரில் மூட்டைகளுக்கு எண் போடும் சாக்பீஸ் கிடந்தது. அவள் அதை எடுத்து, நீலச் சேலையின் முந்தானையை விரித்து, பெரிய எழுத்தில் 'உடையாது' என்று எழுதினாள். கலியமூர்த்தி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெட்டியிடம் பாராட்டினார்.

"விதிப் புத்தகம் எங்கே?" என்று கேட்டாள்.

"லக்கேஜுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"லக்கேஜ் படிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருந்தா காட்டுங்க. நான் படிக்கல."

அவர் நேர்மையான மனிதர். அட்டை முதல் அட்டை வரை தேடிப் பார்த்தார். அப்படி ஒரு விதி இல்லை. புத்தகத்தை அவளிடம் கொடுத்தார்.

மங்கையர்க்கரசி டீச்சர் நின்றுகொண்டே படித்தாள். முப்பத்து மூன்று வருடமாக அவள் பிள்ளைகளிடம் சொல்லிவந்தது ஒன்றுதான். விடை தெரியாவிட்டால் கேள்வியை இன்னொரு தடவை படி. பயணிக்கு நாற்பது பக்கம் விதி இருந்தது. பயணி இறங்கக் கூடாது, மாறக் கூடாது, தாமதிக்கக் கூடாது. லக்கேஜுக்கு ஒன்றரைப் பக்கம்தான். அதன் அடியில் அவள் விரல் நின்றது.

"சத்தமா வாசிக்கிறேன், கேட்டுக்குங்க. லக்கேஜ் தவறான ரயிலில் ஏறினாலோ, தானாக உருண்டு போய்விட்டாலோ, அதன் மேல் நடவடிக்கை கிடையாது. பயணி கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தால் மட்டும் தேடப்படும்."

"ஆமாம். தொலையிறது லக்கேஜோட சுபாவம். அதை யாரும் குத்தம் சொல்ல மாட்டோம்."

"அப்போ நான் தொலைஞ்சு போறேன்."

கலியமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். "போலாம். ஆனா உருண்டுதான் போகணும்."

"எனக்குச் சக்கரம் இல்ல."

அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். "சக்கரம் இல்லாத சாமானுக்கு நடையை உருளலா எடுத்துக்கலாம். போன வருஷம் ஒரு தையல் மெஷினுக்கு அப்படித்தான் அனுமதிச்சோம்."

அவள் நடந்தாள். கையில் எதுவும் இல்லை. பயமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஐம்பத்தெட்டு வயதில் மாற்றுச் சேலை இல்லாமல், போன் இல்லாமல், கேட்டவர்களிடம் காட்ட மணிக்கட்டில் ஒரு அட்டையோடு நடைபாலத்தின் படி ஏறினாள். பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். முதல் பிளாட்பாரத்தில் ஈரோட்டு வண்டி நின்றது. பெட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி ஜன்னல் வழியாகப் புகார்த் தாளை நீட்டி, "உங்க லக்கேஜ் கண்ணெதிர்ல போகுது பாருங்கம்மா. ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பேனாவைக்கூடத் திறந்து கைப்பிடியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பெட்டி கையெழுத்துப் போடவில்லை. போடத் தெரியாமலா, போட மனமில்லாமலா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. வண்டி நகரும் வரை காத்திருந்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.

பொள்ளாச்சி வண்டியின் லக்கேஜ் வேனில் இரண்டு சைக்கிள், ஒரு மூட்டை கருவாடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல், இவ்வளவுதான் இருந்தன. வக்கீலின் ஃபைல் பை முன்னால் ஏ.சி. கோச்சில் போய்க்கொண்டிருந்தது. அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"புதுசா? வாயைத் திறக்காம இருந்தீங்கன்னா பத்திரமா இறக்கி வைப்பாங்க. எனக்கு எட்டு வருஷ அனுபவம்."

"பத்திரமா இறங்கி என்ன செய்வீங்க?"

"அடுத்து ஏத்துறவரைக்கும் இருப்பேன்."

"நான் யாரும் இறக்கி வைக்கிற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல. நானே குதிச்சுடுவேன்," என்றாள் டீச்சர். வக்கீல் அதைப் பற்றி நடுராத்திரி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

விடிகிற நேரத்தில் பொள்ளாச்சி வந்தது. சொன்னபடி குதித்தாள், முட்டி கொஞ்சம் சிராய்த்தது. வால்பாறைக்குப் போகும் முதல் பஸ்ஸின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தாள். லக்கேஜ் போகிற இடம் அதுதான், கண்டக்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக வந்தது. அவள் எண்ணினாள். இருபதாவது வளைவில் சாரல் பிடித்துக்கொண்டது. முந்தானையில் எழுதியது கரைந்து ஓடியது. கரையட்டும் என்று விட்டுவிட்டாள். நாற்பதாவது வளைவு தாண்டியதும் தேயிலைச் சரிவில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம் தெரிந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் அலுவலக அறைக்குள் நுழைந்தபோது சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பி.டி. சார் வாலிபாலைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

"பெட்டி எங்கடி?"

"அது ஈரோட்டுக்குப் போயிருச்சு."

"சரி, போடு."

மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் ஓரெழுத்து விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டை கட்டிய கையால்தான் போட்டாள். பி.டி. சார் பந்தை இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடின்போது பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. அலுவலக அறைக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். டீச்சர் ஜன்னல் வழியாகவே ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கமுங்க, ஈரோட்டுலிருந்து இளம்பரிதி பேசறேன்," என்றான் மகன். "அம்மா போன்ல இந்த நம்பர் இருந்துச்சுங்க. எங்க லக்கேஜ் ஒண்ணு உங்க ஊர்ப்பக்கம் வந்துச்சுங்களா? நீலச் சேலை. அறுபத்தொரு கிலோ இருக்கும்."

"வந்திருக்கு. நல்லா இருக்கு. அம்மா வந்து சேர்ந்துட்டாங்களா?"

"அதெல்லாம் பத்திரமா வந்துட்டாங்க. ஹால்ல உக்கார வெச்சிருக்கோம். கடல் காத்து ஒத்துக்கிச்சு போல இருக்குங்க. முந்தி மாதிரி எதுக்கும் மூஞ்சியத் தூக்கறதில்ல. ரொம்ப அமைதியா இருக்காங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை குரலைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தாள். பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அழுவதற்கு இது நேரமில்லை என்று தன்னிடமே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள்.

"லக்கேஜைத் திருப்பி வாங்கிக்கப் போறீங்களா?"

"அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் தேடித் தருவாங்களாமுங்க. தாளைக் கொண்டுபோய் வெச்சா அவங்க போடவே மாட்டீங்கறாங்க. தாரணி சொல்லியும் கேக்கல."

"போனை அவங்ககிட்ட வைங்க."

ரிசீவரை எங்கேயோ சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. இளம்பரிதியின் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

"டீச்சர்," என்றது பெட்டி. "அஞ்சரைக்குப் பால் காய்ச்சணுமாம். சாயங்காலம் துணி மடிக்கணுமாம். நாளையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"முடியாதுன்னு சொல்லு."

"எனக்கு அது வராதுங்க."

"வரும். முதல் தடவை குரல் நடுங்கும், ரெண்டாவது தடவை நடுங்காது. எங்கே, சொல்லு பார்ப்போம்."

 "முடியாது," என்றது பெட்டி. குரல் நடுங்கியது.

டீச்சர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கரும்பலகையில் அடுத்த கணக்கை எழுதினாள்.

"இன்னொரு தடவை," என்றாள்.