வால்வைத் தேடும் கை

1

இந்தக் கதை எனக்கு நீச்சல் குளத்து ஓரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. ஆழ்கடலில் மூழ்கக் கற்கும் கணவன் மனைவியை வைத்துக் காதல் கதை எழுதலாமென்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். முதல் வரி தயார்:

காற்று தீர்ந்த கணத்தில், தன் வாயிலிருந்த குழாயையே கழற்றி அவள் அவருக்கு...

பயிற்சியாளரிடம் காட்டினேன். சுள்ளென்று பேசும் பெண்மணி.

"இதுக்குன்னுதானே ஸ்பேரா ஒரு மஞ்சக் குழாய் தனியா தொங்குது? எங்க முறையில அதைத்தான் குடுக்கணும். தன்னோடதைக் கழட்டினா, ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரை நான் தூக்கணும்."

குழாய் வழியாக நான் வைக்கவிருந்த முத்தம் அப்படிப் போயிற்று.

2

ஆகவே, மறுபடி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் மருந்துக் கடையில் மருந்தாளர். மணமாகிப் பத்தொன்பது வருடம். மறுநாள் முதல்முறையாகக் கடலில் இறங்க வேண்டும், ஜோடியாக.

அதற்கு முன் ஒரு பயிற்சி. மூன்று மீட்டர் ஆழத்தில், பயிற்சியாளர் கணவரின் முதுகுச் சிலிண்டர் வால்வை மெல்ல மூடுவார். மூச்சு இறுகும். உடனே அவர் கழுத்துக்குக் குறுக்கே உள்ளங்கையை இழுத்துக் காட்ட வேண்டும்: காற்று இல்லை. அவள் மஞ்சள் குழாயை நீட்டுவாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நிதானமாக மேலே வர வேண்டும். அவ்வளவுதான்.

மூச்சு இறுகியது. அவர் கை கழுத்துக்குப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் போய் வால்வைத் தேடியது.

பயிற்சியாளர் வால்வைத் திறந்து, மேலே கூட்டிவந்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. திறக்கலாம்னு... பழக்க தோஷம் மேடம்."

"நிஜத்துல சிலிண்டர் காலியா இருக்கும். அங்க ரிப்பேர் பண்ண என்ன இருக்கு?"

"ரெண்டடியில குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி இருக்கேன்," என்றாள் அவள். "லிஃப்டுல மாட்டினவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"பெல்லை அடிங்க, நீங்களா கதவை நோண்டாதீங்கன்னு."

"ஊருக்குத்தான் உபதேசம்."

3

இவரை 'அகம்பாவி' என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு 'அவர் ஒரு தனிமையான' என்று தொடங்கி, அதையும் விட்டேன். தாகமெடுத்தால், யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று தானே எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிற மனிதர். அதற்கு மேல் பெயர் வைக்கத் தெரியவில்லை.

போன வருடம் சிறுநீரகக் கல் வலியில், தானே வண்டியோட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தார். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, நர்ஸ் போன் செய்துதான் தெரிந்தது.

[இந்தக் கல் வலி குளத்தில் கிடைத்ததல்ல. என் வீட்டிலிருந்து எடுத்தேன். என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை.]

4

இரண்டாம் முறையும் கை பின்னாலேயே போயிற்று.

"இன்னும் ஒரு தடவைதான்," என்றார் பயிற்சியாளர். "இல்லேன்னா நாளைக்கு நீங்க படகுல உட்காருங்க. அவங்க வேற ஜோடியோட இறங்கட்டும்."

குளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் இருமினார்.

"ஏம்மா, நான் தவிக்கிறதுதான் உனக்குத் தெரியுதே. நீயே குடுத்துடேன்."

"எல்லாத்தையும் நானே பார்த்துத் தெரிஞ்சுக்கணும், இல்ல? கல் வலி வந்த அன்னிக்கு நான் திரும்பிப் பார்க்கலையே. நாளைக்கு ஒரு மீனைப் பார்த்துட்டு நின்னேன்னா?"

அவர் முகமூடியைக் கழற்றித் தண்ணீரில் அலசினார்.

"கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? வாய் திறந்துகூடக் கேக்க வேண்டாங்க. கையைக் காட்டினா போதும்."

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவதில் கை கழுத்துக்குப் போகிறது. என் வாசகிகளுக்குப் பிடிக்கும். இரண்டாவதில் பின்னால் போகிறது. மறுநாள் அவர் படகில், அவள் தண்ணீரில். மூன்றாவதில், அவர் கேட்குமுன்பே அவள் மனசு தாங்காமல் மஞ்சள் குழாயை நீட்டிவிடுகிறாள். அன்புதான். ஆனால் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

மூன்றாவதை நான் கிழித்துப் போட்டுவிட்டேன். மற்ற இரண்டு உங்களிடம்.

பயிற்சியாளர் வால்வை மூடுகிறார். கணவரின் நெஞ்சு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறது, காற்று வரவில்லை. இரண்டடி தள்ளி அவள், மஞ்சள் குழாயைக் கையில் இறுக்கிக்கொண்டு, நீட்டாமல் நிற்கிறாள். நீட்டாமலிருக்க அவள் படும் பாட்டை நான் எழுதவில்லை. அவர் வலது கை இடுப்பிலிருந்து எழுகிறது. தோள் உயரம் வருகிறது.

அங்கிருந்து நீங்கள் கொண்டுபோங்கள். சீக்கிரம்.