நீல ஒயரில் வந்தது

கார்குழலி வயிற்றில் பிள்ளை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அசையவில்லை. எட்டாம் மாதம். மாமியார் பூவம்மா அவளை ஆட்டோவில் ஏற்றி, புளியந்தோப்பிலிருந்து தண்டையார்பேட்டை ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, உள்ளே புது மானிட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே உதவிக்கு இருந்தவள் ஹில்டா, ராயபுரத்துக்காரி. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றாமல் வேலைக்கு வரமாட்டாள். படுக்கிற பெண்களின் காலுக்குப் போர்வையை இழுத்து விடுவதையும், ஜெல் குளிருமே என்று டியூபை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குவதையும் ஜெபம் மாதிரியே செய்வாள். கார்குழலியை அவளுக்குத் தெரியும். முதல் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிப்போனது இதே கட்டிலில்தான் தெரியவந்தது.

டாக்டரம்மா பார்ப்பது மெஷினோடு சேர்ந்த திரை. படுத்திருக்கும் தாய் பார்க்கச் சுவரில் தனியாக ஒரு மானிட்டர். போன மாதம் அந்தச் சுவர் மானிட்டரில்தான் வம்பு வந்தது. பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு முகம். "மூத்தது வந்துகீது. இத்தயும் கூட்டிகினு பூடும்," என்று பூவம்மா அங்கேயே அழுதாள். கார்குழலி வீட்டுக்குப் போயும் தூங்கவில்லை. அதனால்தான் டாக்டரம்மா, கம்ப்யூட்டர் கடை ஜெனிஷை வரச்சொல்லியிருந்தார்.

"ஒயர் கோளாறு, அவ்ளோதான்," என்றான் ஜெனிஷ். புது மானிட்டருக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் மாட்டியிருந்தான். பழைய ஒயரின் முனை நீலம், புதியதன் முனை வெள்ளை. முன்னாலிருந்த பொத்தானை அழுத்தினால் படம் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியது. நீலத்தில், திரையின் மேலே இருந்த சென்டர் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் ஒரு நிழல். வெள்ளையில் எழுத்து மட்டும்.

"நீலத்துல படம் அலையா போகும். ஒயரும் நீளம், சரக்கும் மட்டம். கோடியில போய் முட்டித் திரும்பினா, பக்கத்துல இன்னொரு படம் விழும். வெள்ளையில அப்படி இல்லக்கா. புள்ளி புள்ளியா கணக்கு சொல்லி அனுப்பும். வந்தா முழுசா வரும், இல்லன்னா வராது. அரைகுறை கெடையாது."

"மனுஷனுக்கு மேலன்னு சொல்லு," என்றாள் ஹில்டா.

"விலையும் மேலதான்க்கா."

வெள்ளை பழுதானால் உதவட்டும் என்று, போகிறபோக்கில் அந்தப் பழைய நீல ஒயரையும் கழற்றிவிட்டுத் தடிமனான புதிய நீல ஒயர் ஒன்றை மாட்டினான். அதிலும் எழுத்து சுத்தமாக வந்தது. "இப்ப எது நீலம், எது வெள்ளைன்னு கண்டுபிடிச்சிட்டா நான் டீ வாங்கித் தரேன்." ஹில்டாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய மானிட்டரைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கார்குழலி படுத்தாள். திரையில் வெள்ளை ஒயர் வழியாகப் பிள்ளை வந்தது. மூக்கு, உதடு, மூடிய ஒரு கை. எல்லாம் தெளிவு. எதுவும் அசையவில்லை.

"துடிப்பு இருக்கு," என்றார் டாக்டரம்மா, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் மெதுவா இருக்கு."

கார்குழலி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த இன்னொண்ணு எங்கக்கா?"

"அது ஒயர் கோளாறும்மா. சரி பண்ணியாச்சு."

"ஒரே ஒரு வாட்டி காட்டுக்கா. நான் அதுங்கிட்ட பேசணும். உன்ன மடில போட்டு வளக்க குடுத்து வைக்கல, மன்னிச்சிடு, இத்த மட்டும் வுட்டுட்டு போன்னு கேக்கணும்."

புது ஒயர்தானே, ஒன்றும் தெரியாது, இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் பெண்ணுக்கு மனம் ஆறும் என்று நினைத்து ஹில்டா பொத்தானை அழுத்தினாள்.

எழுத்து சுத்தமாக இருந்தது. ஓரத்து எண்களும் சுத்தம். ஆனால் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம்.

ஹில்டா மறுபடி அழுத்தினாள். வெள்ளையில் ஒன்று. மீண்டும் நீலம். இரண்டு. பிள்ளை அசையாமல் கிடந்தது. சாம்பல் நிறத்தில் இருந்தது மட்டும் அசைந்தது. அதன் கை மெல்ல எழுந்து பிள்ளையின் கழுத்துக்குப் போனது. அங்கேயே இருந்தது. சோர்ந்து விழுந்தது. மறுபடி எழுந்தது.

"கழுத்த நெரிக்கிது," என்றாள் பூவம்மா.

ஹில்டாவுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு குழந்தையைப் பற்றி அப்படி நினைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நல்லவிதமாக நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அந்த விரல்கள் இறுகவில்லை. சிக்கு விழுந்த நூலைப் பிரிப்பதுபோல எதையோ நிமிண்டி நிமிண்டி இழுத்துக்கொண்டிருந்தன.

"நெரிக்கல பூவம்மாக்கா," என்றாள். "அவுக்குது."

பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், கழுத்துகிட்ட ஒரு தடவை பாருங்களேன்."

டாக்டரம்மாவின் திரையில் ஒரு பிள்ளைதான். இருந்தாலும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் பொத்தானை அழுத்தினார். பிள்ளையின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் வளையம் வளையமாக ஓடின.

"கொடி சுத்தியிருக்கு. இறுக்கமா இருக்கு." அவர் எழுந்துவிட்டார். "என் கார்லயே போயிடலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடு, ஹில்டா."

பூவம்மாவின் போன் வரும்போது சாயங்காலமாகிவிட்டது. "ஆம்பள புள்ள. தம்மாத்தூண்டு கீது, கண்ணாடிப் பொட்டில வச்சிகிறாங்க. ஆனா அழுவுது ஹில்டா. நல்லா அழுவுது."

ஹில்டா ஸ்கேன் அறைக்குப் போனாள். பழைய மானிட்டரை எடுக்க வந்திருந்த ஜெனிஷும் பின்னாலேயே வந்தான். கட்டில் காலி. வயிற்றில் வைத்துப் பார்க்கும் கருவி அதன் கொக்கியில் தொங்கியது. வெள்ளை ஒயரில் சென்டரின் பெயர் மட்டும்; மற்றதெல்லாம் இருட்டு. அவள் பொத்தானை அழுத்தினாள்.

நீலத்தில், சுமக்க ஒரு வயிறு இல்லாமலே, அந்த முகம் இருந்தது.

"அக்கா," என்றான் ஜெனிஷ் மெதுவாக. "ஒயர் புதுசுக்கா."

"தெரியும் ஜெனிஷ்." அவள் திரைக்குக் கிட்டே போனாள். "தம்பி பொறந்துட்டான் கண்ணு. அழுவுறான். நீ நெனச்சது நடந்துடுச்சு. போதும், தூங்கு."

முகம் உடனே போகவில்லை. சின்ன வாய் கொட்டாவி விடுவதுபோல ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இருட்டு மட்டும் மிஞ்சியது.

ஜெனிஷ் பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். ஹில்டா மெஷினை நிறுத்தினாள், கட்டில் விரிப்பை மாற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள். அறையைப் பூட்டும்போது விளக்கை மட்டும் அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.