ராக்கெட் ரோசாலி படத்தில் பாடியவள்

1

இந்தக் கதை ஒரு கம்பெனி பஸ்ஸிலிருந்து வந்தது. தொண்ணூற்று மூன்றில் ஒரு காலை, முகப்பேரில் பால் பூத் வாசலில் நின்றிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற பஸ் ஒன்று, மாடு குறுக்கே வந்ததால் நின்றது. உள்ளே நீலச் சட்டை போட்ட ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். கிண்டலாக அல்ல, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு. மாடு நகர்ந்தது. பஸ் போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் போட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அயனம்பாக்கம் ஏரியின் மேல் வெயில்

(நிறுத்திவிட்டேன். ஏரியில் தொடங்கினால் யாராவது அதில் விழுந்தாக வேண்டும்.)

படத்தில் தொடங்குகிறேன். 'ராக்கெட் ரோசாலி', 1984. அறுபதுகளில் நடப்பதாகச் சொல்லிக்கொண்ட ராக் படம். எல்லாரும் கால் நுழையாத பேன்ட் போட்டிருப்பார்கள். ரோசாலி கிடார் வாசிக்கும் தையல்காரி. அவளுடைய காதலன் டிரம்மர். மூன்றாவது பாட்டில் செத்துப்போய், தையல் மெஷினாகத் திரும்பி வந்து அவளுக்குத் தாளம் போடுகிறான். இடைவேளைக்குப் பிறகு வில்லன் அந்த மெஷினில் ஒரு கோட்டு தைத்துக்கொள்கிறான். படம் ஒரு வாரம் தாங்கவில்லை. கேசட்டும் வரவில்லை.

எண்பத்தெட்டில் ஆவடிப் பக்கம் ஒரு தியேட்டர்காரர், ஞாயிறு காலைக்காட்சிக்கு மலிவாக ஏதாவது தேடி இந்தப் பிரதியை வாங்கி வந்தார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குவதற்காக டிக்கெட் எடுத்தார்கள். தூங்கவிடுகிற படம் இல்லை அது. அடுத்த ஞாயிறும் வந்தார்கள். பிறகு கால் நுழையாத பேன்ட்டோடு வந்தார்கள். மெஷின் தானாக ஓடும் இடத்தில் அரங்கமே காலால் தரையை மிதிக்கும். ரோசாலி பாடும்போது எல்லாரும் ரோசாலி.

3

இப்போது அருள்செல்வி. ரோசாலிக்குப் பின்னணி பாடியவள். அம்பத்தூரில் கோயில் பாடகர் குழுவிலிருந்து அழைத்துப் போனார்கள். ஒரே பாட்டு. பாடி முடித்ததும் ஓகே என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். படம் வந்த வாரம் அவள் டைபாய்டில் கிடந்தாள். தன் பாட்டை அவள் கேட்டதே இல்லை.

கதையின் முதல் பிரதியில் அவளை டெலிபோன் ஆபரேட்டராக வைத்திருந்தேன். குரல், டெலிபோன், ரொம்ப வசதியாகப் போயிற்று. அடித்துவிட்டு நட்டு போல்ட்டு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு அனுப்பினேன். பிறகு தைராய்டு ஆபரேஷன் செய்து குரலைக் கரகரப்பாக்கினேன். அது தேவையா என்று இப்போதும் தெரியவில்லை. சும்மா ஆசைப்படுகிற பெண்ணை நானே நம்ப மாட்டேன்போல. அவளிடமிருந்து எதையாவது பிடுங்கினால்தான் நம்பிக்கை வருகிறது. எப்படியோ, அவளுடைய பழைய குரல் இப்போது உலகத்தில் அந்த ஒரு ரீலில் மட்டும் இருக்கிறது. அதை ஒரு தடவை கேட்க வேண்டும். அதுதான் கதை.

4

போனாள். தொண்ணூற்று மூன்றில், அந்தத் தியேட்டருக்கு இரண்டு ஞாயிறு போனாள். அரங்கம் பாடிய பாட்டில் அவள் குரல் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருந்த லேத் தொழிலாளி மதுரைவீரனைப் பிடித்து, அந்தப் பாட்டுக்கு மட்டும் எல்லாரும் அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டாள்.

"இன்னாக்கா பேசற? வாய மூடிக்கினு பாக்கறதுக்கு இது இன்னா நியூஸ் ரீலா?"

"அது என் கொரலுப்பா. நான் ஒரு தபாகூட கேட்டதில்ல."

"இந்தக் கொரலா?"

அவள் முந்தானையை விலக்கிக் கழுத்துத் தழும்பைக் காட்டினாள். "இதுக்கு மின்ன."

மதுரைவீரன் உள்ளே போய்ச் சொன்னான். சிலர் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டு, பாட்டு வந்ததும் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள்.

திரையில் ரோசாலி கிடாரைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. மேலே புரொஜக்டர் ஓடும் சத்தம் மட்டும்.

[இங்கே நான் எழுதியிருந்த நீளமான பத்தியை எடுத்துவிட்டேன். மௌனத்தைப் பற்றியது. ஓயாமல் பேசியது.]

ஆபரேட்டர் ஜம்புலிங்கம் கீழே இறங்கி வந்தார். இந்த ரீலில் சவுண்டு தேய்ந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது என்றார். சொன்னால் முதலாளி படத்தை மாற்றிவிடுவார் என்று சொல்லவில்லையாம்.

"அப்போ இம்மா நாளா பாடினது யாரு?" என்றான் மதுரைவீரன்.

"நீங்கதான்டா."

துண்டுகள் இன்னும் வாயிலேயே இருந்தன.

5

அருள்செல்வி எழுந்தாள். அவளை வெளியே நடக்கவைத்து, டீக்கடையில் அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் மதுரைவீரன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வழியை மறித்து நின்றான்.

"யக்கா, உக்காரு. மொதல்ல சவுண்டு இருந்திச்சி. அதக் கேட்டுத்தான் கத்துகினோம். அண்ணாத்தே, ரீல மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். ஆவடியின் லேத்துகளும் வெல்டிங்குகளும் உச்சக் குரலில் பாடத் தொடங்கின. அவள் முதலில் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு 'ஊசி முனையில் உன் உயிர்' என்ற வரி வந்தது. 'உயிர்' என்ற சொல்லின் நடுவில் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்கினார்கள்.

அங்கே மூச்சு வாங்கக் கூடாது. அன்று அவளுக்குத்தான் மூச்சு போதவில்லை. இன்னொரு தடவை பாடுகிறேன் என்று கேட்கப் பயந்து, ஸ்டூடியோவிலிருந்து பேசாமல் வந்துவிட்டாள். அந்தத் தப்பு இத்தனை மீசைகளில் அப்படியே இருந்தது.

அவளும் வாயைத் திறந்தாள். கரகரவென்று வந்தது.

பக்கத்துச் சீட்டில் வேம்புலி என்ற வெல்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "யக்கா, கம்முனு இரு. பாட்டு கெடுது."

6

முடிவுகள் சில வைத்திருக்கிறேன். அவள் கம்மென்று இருந்துவிடுகிறாள், கேட்கத்தானே வந்தாள். அல்லது விடாமல் பாட, அடுத்த ஞாயிறு எல்லாரும் கரகரவென்று பாடுகிறார்கள். அல்லது மதுரைவீரன் வேம்புலியை அடிக்க, அந்தச் சண்டையில் பாட்டே

எதையும் என்னால் எழுத முடியவில்லை. வேம்புலி சொன்னது சரி என்று எனக்குள் ஒருத்தி சொல்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளுக்கு நல்ல காது.

ஆகவே அருள்செல்வியைத் திறந்த வாயோடு விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி. வேம்புலிக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிடுகிறேன். அந்தச் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். அவள் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், நீங்களே அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.