விழுங்கக் கூடாத புகை

பொன்னம்மாள் தனியாக வரச் சொல்லியிருந்தாள். மாமன், சித்தப்பன், பூ, பழம் எதுவும் வேண்டாமாம். எழுபத்தொன்றாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திய சம்பத் இன்னொரு தடவை வாய் கொப்பளித்தான். கொய்யா இலையையும் மென்று துப்பினான்.

பாடியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் தொங்கி, தாட்சாயிணியும் அவனும் முடிவு பண்ணிக்கொண்ட கல்யாணம். குறுக்கே நின்றது பீடி. அவள் அப்பா பீடி குடித்தே இருமிச் செத்தவர். பீடி குடிக்கிறவனுக்குப் பெண் இல்லை என்பது அம்மாக்காரி பொன்னம்மாளின் சட்டம். பீடியைத் தொட்டதே இல்லை என்று சொல்லிவிடும்படி தாட்சாயிணி சொல்லிக்கொடுத்திருந்தாள். சம்பத் மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே பீடி குடிப்பவன்.

பொன்னம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளத்துக்குச் சின்னச் சுருட்டு. இதில் முரண்பாடு எதையும் அவள் காணவில்லை. சிகரெட்டுக்குக் காகிதச் சட்டை, பீடிக்கு வேறேதோ மரத்து இலை. சுருட்டுக்கு மட்டும்தான் உள்ளேயும் புகையிலை, மேலேயும் புகையிலை. அதைவிட முக்கியம், சுருட்டுப் புகை வாயோடு வந்து வாயோடு போய்விடும், நெஞ்சில் இறங்காது. இதை அவள் எந்த டாக்டரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டதில்லை.

பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டாள். வாசனைகூட ஆகாது என்றான் சம்பத். உழைக்கிற ஆம்பிளைக்கு ஒன்றுமேவா இல்லை என்றாள். அடியோடு இல்லையென்றால் நம்பமாட்டாள் என்று தோன்றவே, எப்போதாவது ஒரு சுருட்டு என்றான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

பொன்னம்மாள் மடியிலிருந்து புதுச் சுருட்டு ஒன்றை எடுத்து, நுனியைக் கிள்ளி நீட்டினாள்.

"புடி நைனா. எனக்கும் பேச்சுத் தொணையாச்சு."

பற்றவைத்து இழுத்தான். வாயிலேயே நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியவில்லை. பழகின வழியிலேயே புகை இறங்கி, உள்ளே அடுப்பு மூட்டினாற்போல் எரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இருமக் கூடாது. கண்ணில் நீர் கட்டியது.

"அம்மா ஊட்ல கீறாங்களா?"

தலையாட்டினான்.

"அவங்க பேரு இன்னா?"

இதற்குத் தலையாட்டி முடியாது.

"ஜெகதாம்பாள்" என்றான். பெயரோடு மூக்கிலிருந்து புகையும் வந்தது.

அது மேலே போய்க் கலையும்வரை பொன்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுருட்டுக்காரன் பொகை மூக்கால வராது. எத்தினி வருசமா பீடி?"

அவன் வாய் திறப்பதற்குள் தாட்சாயிணி கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"பொய் சொல்லச் சொன்னது நான்தாம்மா."

பொன்னம்மாள் மகள் பக்கம் திரும்பவில்லை.

"உங்கப்பனும் உட்டுடறேன், உட்டுடறேன்னுதான் சொல்லிகினு இருந்தாரு" என்றவள் சம்பத்தைப் பார்த்தாள். "பேச்சு வாணாம். கையில கீற சுருட்ட முடி. இன்னொரு வாய் உள்ள போச்சு, அப்பிடியே எய்ந்து போய்கினே இரு."

சின்னச் சுருட்டுதான். பீடியாக இருந்தால் பஸ் திரும்பி நிற்பதற்குள் தீர்ந்துவிடும். இது தீரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சு தன் பங்கைக் கேட்டது. கன்னத்தில் அடக்கி ஊதினான், மறுபடி அடக்கினான். பொன்னம்மாள் அவன் மூக்கையே பார்த்தாள். தாட்சாயிணி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பாதியில் காரம் தலைக்கேறியது. கூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வியர்வை சட்டைக்குள் வழிந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. மூக்கிலிருந்து நூலளவு புகையும் வரவில்லை.

விரல் சுட்டதும் துண்டைக் கீழே வைத்தான். மரியாதையாக எழுந்தான். வாசலைத் தாண்டி, பூவரச மரத்தடியில் குனிந்து, காலையில் தின்ற இட்லி அத்தனையையும் திருப்பிக் கொடுத்தான்.

பொன்னம்மாள் தன் அணைந்துபோன சுருட்டைப் பற்றவைத்தாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற" என்றாள் மகளிடம். "உன் ஊட்டுக்காரனுக்குத் தண்ணி எட்துகினு போ."