பாறை மேல் ஒரு கழிவறை

நாத்தனாரை மெச்சும் அண்ணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் மெச்சுகிறேன். என் வீட்டுக்காரரின் தங்கை காட்டுத்தீ கண்காணிப்புக் கோபுரத்தில் வேலை பார்க்கிறாள். எங்கோ ஒரு கீற்றுப் புகை எழுந்தாலும் மற்றவர்கள் கண்ணில் படும் முன்பே ஒயர்லெஸ்ஸில் சொல்லிவிடுவாள்.

கோபுரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறை உச்சியில் கழிவறை கிடையாது. கூட வேலை பார்க்கும் ஆண்கள் பாறை மறைவில் ஒதுங்கிவிடுவார்கள். இவள் என்ன செய்வாள்? காலையில் ஏறியதிலிருந்து மாலை இறங்கும் வரை தண்ணீரே குடிக்க மாட்டாள். உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. கடைசியில் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குடி, இல்லையென்றால் வேலையை விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விடும் பேச்சை எடுத்தாலே அவள் முகம் சுண்டிப்போகும்.

என் வீட்டுக்காரர் பிளம்பர். மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பாறையில் குழி தோண்ட முடியாது, குடிநீரே கேனில் தோள்மேல்தான் ஏறுகிறது, கழிவறைக்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்றார். அவள் ஒரு படம் வரைந்து நீட்டினாள். பயிற்சிக்குப் போன இடத்தில் பார்த்தாளாம். தரைக்கு மேலேயே இரண்டு தொட்டி, அதன்மேல் பேசின். சிறுநீர் முன்பக்கமாகத் தனிக் குழாயில் வெளியே போய்விடும். மற்றது பின்பக்கத் துளை வழியாகத் தொட்டிக்குள் விழும், அதன்மேல் ஒரு குவளை சாம்பல். கழுவ ஓரமாகத் தனி இடம். ஒரு தொட்டி நிறைந்தால் அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறலாம். மூடியது காய்ந்து மண்ணாகிவிடும். ஈரம் படாதவரை நாற்றம் இருக்காது என்றாள்.

இவருக்குச் சுருக்கென்றது.

"தண்ணியே இல்லாம கக்கூஸா? நாலு பேர் கேட்டா என் பொழப்பு சிரிப்பா சிரிச்சிடும்."

கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஆனால் தங்கை மேல் உயிர். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நூல் பிடித்த மாதிரி வேலை.

முடிந்த அன்று ஒரு மூட்டைச் சாம்பலோடு நானும் ஏறினேன். நாத்தனார் தொட்டிக்குள் சாம்பலைப் பரப்பிவிட்டுக் கோபுரத்துக்குப் போனாள். நான் கொஞ்சம் அசந்த நேரத்தில், எந்த வேலையை முடித்தாலும் செய்வதைப் போலவே, இவர் கேனைத் தூக்கிப் பின்பக்கத் துளையில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றினார். அடைப்பில்லாமல் போகிறது என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே சாம்பல் கூழாகிக் கிடந்தது. மேலே இருந்த குடிநீரும் அவ்வளவுதான்.

கோபுரத்தில் கூட்டாளியை நிறுத்திவிட்டு நாத்தனார் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். காளி அவதாரம் எடுப்பாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இவர் காலி கேனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார். நாங்கள் இருவரும் கூழை வாரிக் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவிட்டு, மிச்சச் சாம்பலைப் பரப்பினோம்.

நிறைந்த கேனோடு இவர் மூச்சு வாங்கத் திரும்பியபோது உச்சி வெயில். அவள் வேலை முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. அந்தப் பொழுதில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. டம்ளரை நிரப்பி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். இவர் கேன் மூடியைத் திருகியபடி வேறெங்கோ பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அவள் காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணி, இன்னொண்ணு ஊத்துங்க."