நேற்றைவிடச் சுகம்

மாக்கிறட் மிஸ்ஸி கடதாசியை வாசித்து முடித்ததும் ஸுலைஹா கேட்டாள்: "தோள்ல இருந்து நன்ம தீம எழுதுற மலக்குமார் இதப் பொய்யெண்டு எழுத மாட்டாங்களா மிஸ்ஸி?"

கடதாசியில் இருந்தது ஒரே வரி. 'நான் இன்று நேற்றைவிடச் சுகம்.' காலையில் பத்துத் தரம் நம்பிச் சொல்ல வேண்டும். மாம்புரியிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வந்து புண்ணுக்கு மருந்து கட்டும் மிஸ்ஸி ஏதோ வகுப்பில் படித்து வந்த வழி அது.

"நம்பிச் சொன்னா உடம்பு கேக்கும் உம்மா."

"உடம்புக்கிட்டப் போய் எப்பிடிப் பொய் சொல்லுற? அதுக்குத்தானே முதல்ல தெரியும்."

ஸுலைஹா அப்படித்தான். ஆடு விற்கப் போனால், ஆட்டுக்கு இருமல் என்று வாங்க வந்தவனிடம் தானே சொல்லிவிடுவாள். அவளுக்கு வாய்த்த நூர்தீனோ, அறுபத்தெட்டு வயதுக்குள் சொன்ன உண்மைகளை ஒரு சிரட்டைக்குள் அடக்கிவிடலாம்; சிரட்டையில் மிச்சம் இடமிருக்கும். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு எருக்கலம்பிட்டியிலிருந்து கல்பிட்டிக்கு வந்த தோணியில், நடுக்கடலில் எஞ்சின் நின்றதும் இரண்டு கடல்பசுக்கள் தள்ளிவந்து கரைசேர்த்தன என்பார். அதே தோணியில் இருந்தவளை வைத்துக்கொண்டே சொல்வார்.

"நான் ஒண்டையும் காணல்ல" என்பாள் அவள்.

"நீ அழுதுகொண்டிருந்தா எப்பிடிக் காணுற?"

சண்டை முடிந்து ஊருக்குப் போகலாம் என்றானபோதும் இருவரும் அகதியாய் வந்து குடியேறிய தில்லையடியிலேயே தங்கிவிட்டார்கள். பிறகு ஸுலைஹாவின் மார்பில் தொடங்கிய புற்று ஈரலுக்கு இறங்கியது. இனி மருந்தில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று கொழும்பு டொக்டர் நூர்தீனிடம் மட்டும் சொன்னார். என்னவாம் என்று அவள் கேட்டதற்கு, "உன்ட ஈரலப் போல தனக்கொண்டு இல்லையேயெண்டு டொக்டர் கவலப்பட்டார்" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

இப்போது கடதாசியை அவர் பக்கம் நீட்டினாள். "இந்த வேலைக்கு வீட்டில ஒரு ஆள் சும்மாதானே இருக்கார். எனக்குப் பதிலா அவர் சொல்லட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு நூர்தீன் சொல்வார்: "ஸுலைஹா இண்டைக்கு நேத்தைவிடச் சுகம்." முதல் நாள் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நாள், கல்பிட்டிவரை நடந்துபோய் வந்தாள், பின்னால் போன கழுதைகள்தான் இளைத்துப்போயின என்று சேர்த்தார். மூன்றாம் நாள் அவள் கிணற்றில் வாளியை இழுத்த இழுப்பில் கிணறே ஒரு முழம் மேலே வந்துவிட்டது.

"அல்லாஹ்வே, போதும்" என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் ஸுலைஹா. சிரித்தால் நோகும். ஆனாலும் அடுத்த நாள் விடிய, "கிணறு இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

நாற்பதாம் நாள்வரை கிணறு ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு முருங்கையையும் தாண்டிவிட்டது.

நாற்பத்தோராம் நாள், தலையணையில் சாய்த்து இருத்துவதற்காக நூர்தீன் அவளைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். கைகளில் பாரமே இல்லை. எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அது கூடுதலாகத்தான் இருக்கும். அவளை மெல்ல வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வாயைத் திறந்தார். கடல்பசுக்களைக் கொண்டு தோணியைத் தள்ளவைத்த வாய், "ஸுலைஹா இண்டைக்கு" என்பதோடு நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். பள்ளிவாசலிலிருந்து திரும்புகிறவர்களின் பேச்சு வேலிக்கு அப்பால் கடந்துபோனது. நூர்தீன் கடதாசியை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

ஸுலைஹா உதட்டை நனைத்துக்கொண்டாள். ஆட்டுக்கு இருமல் என்று சொல்வாளே, அதே முகம்.

"நான் இண்டைக்கு நேத்தைவிடச் சுகம்" என்றாள். மூச்சு வாங்கியது. "விடியவே எழும்பிப் போய் ஒரு வாளி தண்ணி அள்ளிக் கிணத்துக் கட்டில வெச்சிட்டுத்தான் வந்தன். போய்ப் பாருங்களன்."

"ஓம்" என்றார் நூர்தீன். "சத்தம் கேட்டிச்சு."

எழுந்து வெளியே போனார். வாளி நேற்று அவர் கவிழ்த்துவைத்தபடியே காய்ந்து கிடந்தது. யாராவது வந்து பார்த்தால் அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிடக் கூடாது. வாளியை மெதுவாக இறக்கி, கப்பி கிறீச்சிடாமல் இழுத்து, தளும்பத் தளும்பக் கட்டின்மேல் வைத்தார். வாளிக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை அவர் உள்ளே போகவில்லை.